கேனுக்கு மூன்று நூல்

சோலைராஜின் பழைய பியட் காருக்கு ஒரு நாளைக்கு இரண்டு வேலை. விடியும்போது பின்சீட்டு மெத்தையைக் கழற்றி வைத்துவிட்டு, கூமாப்பட்டியிலிருந்து பால் கேன்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரும். மத்தியானம் மெத்தையை மாட்டிக்கொண்டு, அவன் மனைவி அழகுத்தாய் கிண்டிய பால்கோவாவோடு ராஜபாளையத்துக் கடைகளுக்குப் போகும். பால் பாரம் தாங்குவதற்காகப் பின்பக்க ஸ்பிரிங் கட்டு ஒவ்வொன்றிலும் இரண்டு பட்டை கூடுதலாகச் சொருகியிருந்தான். வெறும் வண்டியாக ஓட்டினால் கட்டாந்தரையில் கட்டில் இழுத்த மாதிரி இருக்கும். ஆனாலும் மலைக்காற்று எதிரே வரும் காலியான சாலையில் அவன் ஓட்டியதென்னவோ கார் இல்லை. ஏதோ தூரதேசத்துப் புல்வெளியில் கடிவாளம் இல்லாத குதிரை.

அழகுத்தாய்க்கு அந்தக் குதிரை கண்ணில் படவே இல்லை. அவளுக்கு ஒரு டெம்போ வேண்டும்.

"பாலும் கோவாவும் ஏத்த டெம்போ இருக்கும்போது, மெத்தையைக் கழட்டி மாட்டுற வண்டி நமக்கு எதுக்குங்க?" என்று அவள் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எண்பத்தொன்பதாம் வருஷம் பங்குனியில், சித்திரை மாட்டுவண்டிப் பந்தயத்தோடு இந்தத் தடவை கார் பந்தயமும் உண்டு என்று நோட்டீஸ் வந்தது. வன்னியம்பட்டிப் பக்கம் தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள், நின்ற இடத்திலிருந்து கிளம்பி இருநூறு மீட்டர். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் பேச்சு முடிந்தது. ஜெயித்தால் பியட் இருக்கட்டும். தோற்றால் மறுநாளே அதை விற்று டெம்போவுக்கு முன்பணம்.

சோலைராஜ் நேரே போய் நின்றது ஞானதுரையின் ஒர்க் ஷாப்பில். ஞானதுரை அவனோடு படித்தவன்; ராணுவத்தில் ஏழு வருஷம் லாரிகளுக்கு அடியிலேயே படுத்துக் கிடந்துவிட்டு ராஜபாளையத்துக்குத் திரும்பியவன்.

"இன்னும் ரெண்டு பட்டை போடுலே. நல்லா கெட்டியா இருந்தாத்தானே பாயும்" என்றான் சோலைராஜ்.

ஞானதுரை சிரித்தான். "ஏலே, நம்ம ஊரு நாய் பாயறதப் பாத்திருக்கியா? மொத மூச்சுல என்ன செய்யும்? பின்னங்கால மடக்கி உக்காரும். ஒன் வண்டி உக்காரவே மாட்டேங்குது. பொறவு எப்படிப் பாயும்? டயரு மண்ணத்தான் தோண்டும்."

"அப்பொ எல்லாப் பட்டையையும் உருவிரவா?"

"உருவினா தவளை மாதிரி குதிக்கும். எம்புட்டு வேணுங்கறத அளந்துதான் பாக்கணும்."

அளப்பதற்கு அவர்களிடம் இருந்தது பால் கேன்தான். நிறைந்த கேனை டிக்கியில் வைப்பது, தரைக்கும் பம்பருக்கும் இடையே எத்தனை நூல் இறங்கியது என்று அடிக்கோலால் பார்ப்பது. ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. இரண்டு பட்டையும் இருந்தால் கேனுக்கு இரண்டு நூல். இரண்டையும் உருவினால் ஐந்து. ஒன்றை மட்டும் விட்டுவைத்தால் மூன்று. முன்பக்கத்துக்கு, உடைத்துப் போட்ட ஒரு டாக்ஸியிலிருந்து தளர்ந்துபோன சுருள் ஸ்பிரிங்குகளை எடுத்து மாட்டினான் ஞானதுரை. கிளம்பும்போது மூக்கு தாராளமாக மேலே எழும்பட்டும், கனம் பின்னால் போகட்டும் என்றான்.

ஓட்டிப் பார்ப்பதற்கு அழகுத்தாய் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அதற்கென்று தனியாக பெட்ரோல் கிடையாது. அதனால் ராஜபாளையத்தில் கோவா இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், காலித் தட்டுகளோடு கண்மாய்க்குள் இறங்கி இரண்டு ஓட்டம். அவள் எப்போதும் பின்சீட்டில்தான் இருப்பாள். "முன்னால உக்காந்தா நீங்க ஓட்டுறது கண்ணுக்குத் தெரியும்" என்பாள்.

ஓட்டம் முடிந்ததும் சோலைராஜ் இறங்கி, டயர் கீறிய தடத்தைப் பாதத்தால் அளப்பான். கேனுக்கு இரண்டு நூலில் பதினோரு அடி. ஐந்து நூலில் கீறலே இல்லை. கோழி சீய்த்த மாதிரி விட்டுவிட்டுக் குழி, முதுகெலும்பும் கழன்றது. மூன்று நூலில் வண்டி பின்னால் உட்கார்ந்தது, எழுந்தது, போனது. கீறல் இரண்டே அடி. அன்றைக்கு அவன் ராஜபாளையத்துக்கே திரும்பிப் போய் ஞானதுரையைக் கட்டிப்பிடித்துவிட்டு வந்தான்.

சித்திரை ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க் கரை முழுக்கத் தலை. மாட்டுவண்டிகள் ஓடி முடித்து, புழுதி அடங்கியதும் கார்களைக் கூப்பிட்டார்கள். வந்தவை இரண்டுதான். மற்றது ஜின்னிங் பாக்டரிக்காரர் மகன் சங்கரலிங்கத்தின் புது பியட். ஸ்பிரிங்கெல்லாம் இறுக்கி, பலகை போல நின்றது.

"என்ன சோலை, பால் ஊத்த வந்தியா?" என்றான் சங்கரலிங்கம். கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

பந்தயத்துக்கு முன் ஆளுக்கு ஒரு வெள்ளோட்டம் உண்டு. சோலைராஜ் கிளம்பினான். பின்பக்கம் கரகரவென்று தோண்டியது. இறங்கி அளந்தான். ஆறடி.

பட்டை அதேதான், ஸ்பிரிங் அதேதான், மண்ணும் அதேதான். ஞானதுரை குனிந்து ஸ்பிரிங் கட்டுகளையெல்லாம் தட்டிப் பார்த்தான். "ஒண்ணும் மாறலையேலே."

சோலைராஜ் நிமிர்ந்து பார்த்தான். கருவேல மரத்து நிழலில், கோவா டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அழகுத்தாய் நின்றாள். ஒரு மாதமாக ஓட்டி அளந்ததெல்லாம் அவளையும் சேர்த்து அளந்தது. மூன்று நூலில் டயர் மண்ணைப் பிடித்தது பின்சீட்டில் அவள் கனம் இருந்ததால்.

விழாக் கமிட்டி பேச்சிமுத்துவிடம் ஓடினான். "அண்ணாச்சி, கூட ஒரு ஆளு ஏறலாமா?"

பேச்சிமுத்து காகிதத்தை விரித்தார். மாட்டுவண்டிக்கு எழுதிய விதியில் மாடு என்ற இடத்தில் மட்டும் கார் என்று திருத்தியிருந்தது. "சாரதி ஒருத்தர், துணைச் சாரதி ஒருத்தர்னு போட்டிருக்கு. துணைச் சாரதியக் கோடு போட்டு அடிக்க மறந்துட்டோம். அடிக்காதது விதிதான்."

சோலைராஜ் மரத்தடிக்குப் போனான். விஷயத்தைச் சொன்னான்.

அழகுத்தாய் டின்னை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "நான் ஏறினா டெம்போ வராது."

"வராது."

"ஏறாட்டி வந்துரும்."

"வந்துரும். அதுக்குப் பொறவு நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

அவள் சங்கரலிங்கத்தின் காரைப் பார்த்தாள். "அவன் பால் ஊத்த வந்தியான்னு கேட்டானே, நீங்க ஏன் ஒண்ணும் சொல்லல?"

"என்ன சொல்ல? ஊத்தத்தானே செய்யுதோம்."

"அந்தப் பாலுலதான் ஒரு வீடே நிமுந்து நிக்கிதுன்னு சொல்லணும்." டின்னை ஞானதுரை கையில் திணித்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்கதவைத் திறந்தாள். "சங்கரலிங்கம் நம்ம பின்னால வரட்டும், சொல்லுதேன்."

கொடி விழுந்தது. பியட் பின்னால் உட்கார்ந்தது. மூக்கு எழும்பி, கண்ணாடி முழுக்க மலையும் ஆகாயமும் நிறைந்தன. பக்கத்தில் புதுக் கார் தன் குழியைத் தானே வெட்டிக்கொண்டு புழுதிக்குள் உறுமியது. அது ஏறி வெளியே வந்தபோது சோலைராஜ் பாதி தூரத்தில் இருந்தான். இரண்டு மாட்டு நீளத்தில் ஜெயித்ததாக மைக்கில் சொன்னார்கள். அவர்களுக்குத் தெரிந்த அளவு அதுதான்.

என்ஜினை அணைத்தான். பின்சீட்டில் சத்தமே இல்லை. பயந்துவிட்டாளோ என்று திரும்பினான். கொண்டை அவிழ்ந்து, புருவமெல்லாம் புழுதியோடு, அழகுத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"காலையில பால் இருக்கு, இன்னிக்கே அந்தப் பட்டையை மறுபடி சொருகணும்" என்றான் அவன்.

"சொருகலாம். அதுக்கு முந்தி இன்னொரு ஓட்டம் ஓட்டுங்க." அவள் இறங்கி முன்கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முன்னால உக்காந்தா டயரு கீறும், அழகு."

"கீறட்டும்" என்றாள்.