சொந்தக் குரல்

கோவில்பதாகை கங்காதரனுக்கு மேடை பயம் என்றால் என்னவென்றே தெரியாது. ஆவடி ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் மைதானத்தில் அவன் நாடகம் என்றால் முன்வரிசையில் அன்னம்மாள் இருப்பாள். கட்டிய மனைவிதான். ஆனாலும் டிக்கெட் வாங்கி வந்தவளைப் போல மனசாரச் சிரிப்பாள். அவள் தொடங்கினால் மைதானமே தொடரும். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் அவன் கற்ற வித்தை.

எண்பத்தாறில் முதல் சினிமா கிடைத்தது. திருடப் போன வீட்டில் குழந்தை விழித்துக்கொள்ள, தாலாட்டுப் பாடி மாட்டிக்கொள்ளும் திருடன் வேஷம். ஷூட்டிங்கில் லைட்மேன்களே சிரித்தார்கள். பழக்கதோஷத்தில் அந்தச் சிரிப்புக்கெல்லாம் நின்று நின்று பேசினான். வினை டப்பிங்கில் வந்தது. அந்த இருட்டறையில் சிரிக்க ஈ காக்கை இல்லை. திரையில் வாய் மூடியிருக்க, இவன் குரல் முந்திக்கொண்டு ஓடியது. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தும் ஒட்டவில்லை.

"நாளைக்கும் இப்படின்னா வேற ஆளைப் பேச வெச்சுக்கிறோம்ணே. தப்பா எடுத்துக்காதீங்க" என்றான் உதவி இயக்குநர் வரதன்.

முகம் இவனுடையது, குரல் எவனுடையதோ! ஆவடியில் எப்படித் தலை காட்டுவது? அன்று கங்காதரனுக்குச் சோறு இறங்கவில்லை.

"இன்னாய்யா, தட்டையே மொறைச்சிகினு கீற?"

"அங்க சிரிக்க ஆள் இல்ல அன்னம். எங்க நிக்கறதுன்னே தெர்ல."

"அவ்ளோதானே? நான் வரேன்."

மறுநாள் வரதன் வாசலிலேயே மறித்தான். மூச்சு விட்டாலே மைக்கில் விழும், இதில் சிரிப்பு வேறா? அன்னம்மாள் வாதாடவில்லை. முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு கண்ணாலேயே கெஞ்சினாள். பாவம், அவனும் மனுஷன்தானே, விட்டுவிட்டான்.

திருடன் தாலாட்டைத் தொடங்கியதும் அவள் தோள் குலுங்கியது. கங்காதரன் நிறுத்தினான். திரையிலும் வாய் நின்றது. தோள் அடங்கியது, பேசினான். கண்ணில் நீர் வழிய, சத்தமே வராமல் அவள் சிரிக்கச் சிரிக்க, வசனம் கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள்மேல் இவ்வளவு பிரியம் வைத்திருக்கிறோம் என்று அன்றுதான் அவனுக்கே தெரிந்தது.

படம் ஆவடிக்கு வந்த முதல் நாளே இருவரும் போனார்கள். திருடன் திரையில் வந்தான். முதல் வார்த்தைக்கே தியேட்டர் ஓவென்று சிரித்தது. சிரித்துக்கொண்டே இருந்தது. லைட்மேன்கள் சிரித்த அளவுக்குத்தான் திரையில் வாய் நின்றிருந்தது. இந்தக் கூட்டத்தின் சிரிப்போ அடங்குவதாயில்லை. இரண்டாவது வசனம் அதில் முழுகிப் போனது. மூன்றாவதும் போனது. அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய குரல் ஒருவர் காதிலும் விழவில்லை.

"ஒண்ணுமே கேக்கல அன்னம்" என்றான்.

அன்னம்மாள் இருட்டில் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவுங்க சிரிக்கட்டும்யா. உன் குரல நான் அன்னிக்கே கேட்டுட்டேன்."