கீழப்பழுவூர் ஸ்டாப்

ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டையின் பைக்குள் கையை விட்டுத் தமிழ்மொழி வேன் சாவியைத் துழாவிக்கொண்டிருந்தபோது, கூடத்தில் ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் இன்னொரு சுற்று அழ ஆரம்பித்தார்கள். பெட்டிக்குள் அவள் அப்பா செல்லதுரை படுத்திருந்தார். நேற்று சாயங்காலம் டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நெஞ்சை அடைக்கிறது என்றார். அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயதுதான். அதெல்லாம் சாகிற வயதா?

சாவியோடு வாசலுக்கு வந்தவளைப் பெரியப்பா இராமலிங்கம் மறித்தார்.

"எங்க கெளம்பிட்ட?"

"ஸ்கூல் புள்ளைங்கள கூட்டியாரேன், பெரியப்பா. அப்பாவ அதுங்க பாக்கணும்."

"எது, அந்தப் புள்ளைங்களா? எழவு வூட்ல வந்து அதுங்க பாட்டுக்கு கத்தும், ஓடும். யாரு புடிக்கிறது? அப்பன் பொணத்த போட்டுட்டு மவ வண்டி ஓட்டப் போனான்னு ஊரு சிரிக்கும்."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போவட்டும்."

"இந்தா பாரு. பத்தரைக்கு எமகண்டம். பத்து மணிக்கு எடுத்துருவோம். நீ வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

அவள் உள்ளே திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அமிர்தவல்லி பெட்டியின் கண்ணாடிமேல் கன்னத்தை வைத்திருந்தாள். தலையை எடுக்காமலேயே, "போயிட்டு வா" என்றாள்.

அப்பா ஒன்பது வருடமாக ஓட்டியது அரியலூருக்கு வெளியே இருக்கும் ஒரு மாற்றுப் பள்ளியின் வேன். சாதாரணப் பள்ளிக்கூடங்கள் 'எங்களால் முடியாது' என்று டி.சி. கொடுத்து அனுப்பிய பிள்ளைகள்தான் அங்கே படிக்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்க வராதவர்கள், பேச்சு வராதவர்கள், கோபம் வந்தால் பெஞ்சைத் தூக்கி எறிகிறவர்கள். எல்லாம் பதிமூன்றிலிருந்து பதினெட்டு வயசுக்குள். பஸ் போர்டு படிக்க, சைக்கிளுக்குப் பஞ்சர் போட, சோறு வடிக்க, கோபம் வந்தால் என்ன செய்யலாம் என்று யோசிக்க, அவரவர் வேகத்தில் அங்கே கற்றுக்கொள்கிறார்கள். பரீட்சை எழுத முடிந்தவர்கள் எழுதுவார்கள்.

இன்றைக்கே கூட்டிவர வேண்டும் என்பதற்குக் காரணம் இருந்தது. போன வருடம் அப்பா மஞ்சள் காமாலையில் படுத்தபோது பள்ளியில் வேறு டிரைவர் போட்டார்கள். மற்ற பிள்ளைகள் சமாளித்துக்கொண்டு ஏறிவிட்டார்கள். கீழப்பழுவூர் கலைச்செல்வன் மட்டும் ஏறவில்லை. அப்பா வருவார் என்று ஸ்டாப்பிலேயே நின்றான். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, ஒன்பது நாள். காலை ஏழரையிலிருந்து வெயில் உச்சிக்கு ஏறும்வரை, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான். பத்தாம் நாள் அப்பா கஞ்சி குடித்த தெம்போடு போய் வண்டியை நிறுத்தியபோது, ஒன்றுமே நடக்காததுபோல் ஏறி உட்கார்ந்தானாம்.

"இந்தத் தடவ பத்தாம் நாள் கெடையாது, மொழி" என்று காலையில் போனில் அனிதா மிஸ் அழுதார். அவர்தான் அந்தப் பள்ளியை நடத்துகிறவர். "அவன் கண்ணால பாத்தாத்தான் நம்புவான். இன்னொண்ணு. தூங்குறாரு, சாமிகிட்ட போயிட்டாரு, தவறிட்டாரு, இப்படியெல்லாம் சொல்லிடாத. சொன்னத அப்படியே எடுத்துக்கிற புள்ளைங்க. தூங்குறாருன்னா எப்ப எந்திரிப்பாருன்னு காத்துக்கெடக்கும். செத்துட்டாருன்னே சொல்லு."

சரி மிஸ் என்றுதான் சொல்லியிருந்தாள். ஆனால் நேற்றிலிருந்து அத்தனை போனிலும் அவள் 'அப்பா போயிட்டாரு' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். செத்துட்டாரு என்ற வார்த்தை வாயிலிருந்து வருவேனா என்றது.

வேனை எடுக்கும்போதே மணி ஏழரை. வேனில் ஹாரன் கிடையாது. மாயவன் என்ற பையனுக்குச் சத்தம் என்றால் உயிரே போய்விடும் என்று அப்பாவே அந்த ஒயரைப் பிடுங்கிவிட்டிருந்தார். சுண்ணாம்புக்கல் லாரியில் இருபது வருடம், போகிற வழியெல்லாம் ஹாரனை அலறவிட்டு எதிரில் வருகிறவனின் பரம்பரையையே திட்டித் தீர்த்த மனுஷன்! இந்த வேனுக்கு வந்த பிறகு, நடுரோட்டில் ஆடு படுத்திருந்தால் இறங்கிப் போய், "ஏ ஆத்தா, கொஞ்சம் எந்திரிச்சுக்க" என்று கெஞ்சுவார்.

அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் இதே வேனில்தான், தண்ணீர் வற்றிய ஏரிக்குள். பள்ளி லீவு விட்ட சனிக்கிழமைகளில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பிள்ளைகளின் கதையையே பேசுவார். கவியா இன்றைக்குச் சிரித்தாள், மாயவன் இன்றைக்குப் பூரி பொரித்தான். ஒரு தடவை அவள் கிளட்சை விட்டுவிட்டுக் கேட்டேவிட்டாள்: "நான் பன்னெண்டாவதுல ஸ்கூல் பர்ஸ்ட் வந்தப்ப இப்படிச் சிரிச்சியாப்பா நீ?" அவர் கடகடவென்று சிரித்து, "நீ வருவேன்னு எனக்குத் தெரியும்ல. இதுங்க என்ன பண்ணும்னு யாருக்குத் தெரியும்?" என்றார். அன்றைக்கு அவளுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அந்தச் சனிக்கிழமைகள் இனி இல்லை என்பது கீழப்பழுவூர் ரோட்டில் போகும்போதுதான் உறைத்தது. வண்டியை ஓரங்கட்டி ஒரு பாட்டம் அழுதுவிட்டு மறுபடி எடுத்தாள்.

அப்பா போகிற வழியைப் பற்றி வீட்டில் எப்போதும் ஒரு சண்டை உண்டு. வழியில் கீழப்பழுவூரில் கலைச்செல்வன் நிற்பான். அப்பா நிறுத்தமாட்டார். ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிவிட்டு ஏலாக்குறிச்சி வரை வெறும் வண்டியைக் கொண்டுபோவார். அங்கே கவியாவை ஏற்றித் திரும்பி வரும்போதுதான் இவனை ஏற்றுவார். 'போறப்பவே ஏத்துனா என்ன? அந்தப் பொண்ண திருமானூர் வரைக்கும் அவங்க அப்பாவே வண்டில கொண்டாந்து வுடட்டும். டீசல் கொட்டியா கெடக்கு?' என்று தமிழ்மொழியே எத்தனை தடவை கேட்டிருக்கிறாள். அப்பா தலையைச் சொறிவாரே தவிர பதில் சொல்லமாட்டார்.

பத்து மணிக்குள் திரும்பியாக வேண்டும். அதனால் இன்று அவள் தன் யோசனைப்படியே செய்தாள். கவியாவின் அப்பா அறிவழகனுக்குப் போன் போட்டு, மகளைத் திருமானூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவரச் சொன்னாள். கீழப்பழுவூரில் வேனை நிறுத்தினாள்.

கலைச்செல்வனுக்குப் பதினேழு வயசு, நல்ல உயரம், மீசை அரும்பியிருந்தது. கதவைத் திறந்து உள்ளே பார்த்தான். டிரைவர் சீட்டுக்குப் பின் சீட்டைப் பார்த்தான். கதவை மூடிவிட்டான்.

"கவியா இல்ல."

"திருமானூர்ல ஏறுவா. நீ ஏறு தம்பி."

"கவியா மொதல்ல. நான் ரெண்டாவது."

"இன்னைக்கு ஒரு நாள் நீ மொதல்ல ஏறேன்டா, சாமி. அக்காவுக்கு நேரமாச்சு."

அவன் ரோட்டோரத்தில் உட்கார்ந்து முஷ்டியால் தன் நெற்றியில் குத்திக்கொள்ளத் தொடங்கினான். அவள் பதறிப்போய், "சரி, சரி, கவியாவக் கூட்டிட்டு வரேன்" என்றாள். உடனே எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, நின்ற இடத்திலேயே போய் நின்றுகொண்டான்.

திருமானூரில் அதற்கு மேல். கவியா அப்பாவின் பைக்கில் கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தும் சீட்டுக் கம்பியைப் பிடித்த விரல்கள் விடுகிறதாக இல்லை.

"வேன் எங்கூரு மாதா கோயில் முன்னாடி நின்னாத்தாங்க ஏறுவா" என்றார் அறிவழகன், தன்மேலேயே தப்பு என்பதுபோல. "ஒங்கப்பாவுக்குத் தெரியும்."

பைக் முன்னால் போக, வேன் பின்னால் போனது. ஏலாக்குறிச்சி மாதா கோயில் முன்னால் கவியா இறங்கி, பத்து அடி நடந்து வந்து, வேனில் ஏறித் தன் சீட்டில் உட்கார்ந்தாள். கண்ணைத் திறந்தாள். அவ்வளவுதான். இதற்குப் போய் அரை மணி நேரம் வீணாகியிருந்தது.

தமிழ்மொழிக்கு அவமானமாக இருந்தது. டீசலை வீணாக்குகிற மனுஷன் என்று எத்தனை வருடம் திட்டியிருக்கிறாள். அவர் ஒரு சொட்டுக்கூட வீணாக்கவில்லை. இதை விளக்கிச் சொல்லியிருந்தால்தான் என்ன? சொன்னாலும் அவள் கேட்டிருக்கமாட்டாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

கீழப்பழுவூரில் கலைச்செல்வன் கதவைத் திறந்து, கவியாவைப் பார்த்துவிட்டு ஏறினான். வழியில் மாயவனும் மற்ற நாலு பேரும் வரிசை பிசகாமல் ஏறினார்கள்.

"சார் எங்க?" என்றான் கலைச்செல்வன்.

"அவரப் பாக்கத்தான் போறோம்."

சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். அவளால் முடியவில்லை.

அரியலூரைத் தாண்டும்போது அம்மாவிடமிருந்து போன் வந்தது. "எடுத்துட்டாங்கடி" என்றாள் அமிர்தவல்லி. தமிழ்மொழி மணியைப் பார்த்தாள். பத்து இருபது. கண்ணீர் வழிந்து ரோடே தெரியவில்லை. புறங்கையால் துடைத்துக்கொண்டே ஓட்டினாள். இனிமேல் போய் என்ன பிரயோஜனம், பிள்ளைகளுக்குச் சாம்பலைத்தான் காட்ட வேண்டும் என்று நினைத்தாள்.

அவர்கள் ஊரான கல்லங்குறிச்சியின் சுடுகாட்டுக்குப் பாதி வழியில் வாய்க்கால் பாலம். பிணத்தை அங்கே இறக்கி, தலைப்பக்கத்தைத் திசை மாற்றி மறுபடி தூக்குவது ஊர் வழக்கம். ஐந்து நிமிஷ வேலை. ஆனால் வேன் பாலத்தை நெருங்கியபோது பாடை இன்னும் கீழேயே இருந்தது. பெரியப்பா குத்துக்காலிட்டுக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, மூணு தரம் அவுத்துக் கட்டியாச்சு. எமகண்டமே வந்துருச்சு" என்று தூக்க வந்தவர்களில் ஒருவர் சலித்துக்கொண்டார்.

"தலப்பக்கம் தொளதொளன்னு கெடக்குது. வழியில நழுவுனா நீயா பொறுப்பு? மறுபடி கட்டு."

வேனைப் பார்த்ததும் பெரியப்பா எழுந்தார். மேளக்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். மேளம் நின்றது. "இப்ப சரியா இருக்கு" என்று யாரிடமோ சொல்லிவிட்டுக் கயிற்றைக் கீழே போட்டார். தமிழ்மொழிக்கு அவர் காலில் விழலாம்போல் இருந்தது.

ஏழு பேரும் இறங்கினார்கள். மாயவன் மேளம் நின்ற பிறகும் காதைப் பொத்தியபடியே வந்தான். கவியா அருகே வராமல் வேனைத் தொட்டுக்கொண்டே நின்றாள். யாரும் கத்தவில்லை, யாரும் ஓடவில்லை. கலைச்செல்வன் பாடைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து முகத்துக்கு நேராகப் பார்த்தான்.

"மூக்குல பஞ்சு."

"ஆமாப்பா" என்றார் பெரியப்பா. "ஒங்க சார் சாமிகிட்ட போயிட்டாரு."

"எப்ப வருவாரு?"

எல்லோரும் தமிழ்மொழியைப் பார்த்தார்கள். அவள் அவன் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா செத்துட்டாரு, கலை."

அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இனிமே எந்திரிக்க மாட்டாரு. வண்டி ஓட்ட மாட்டாரு. நாளைக்கு வர மாட்டாரு. நாளான்னிக்கும் வர மாட்டாரு." சொல்லச் சொல்ல அவளுக்கே அது அப்போதுதான் தெரிவதுபோல இருந்தது. "செத்துட்டாரு."

"செத்துட்டாரு" என்றான் கலைச்செல்வன். அப்பாவின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தான். சில்லென்றிருந்திருக்க வேண்டும், சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். பிறகு எழுந்து வேனில் போய் உட்கார்ந்தான்.

பெரியப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "தூக்குங்கப்பா" என்றார்.

அன்று மதியம், கட்டியிருந்த புடவையோடு, அவளே அவர்களை ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இறக்கிவிட்டு வந்தாள். பள்ளிக்கு மூன்று நாள் லீவு விட்டிருந்தார்கள். வேன் வராது என்று எல்லா வீட்டுக்கும் அனிதா மிஸ் சொல்லிவிட்டார். போன வருடமும் அப்படித்தான் கலைச்செல்வன் வீட்டில் சொல்லிப் பார்த்திருந்தார்கள்.

மறுநாள் விடியற்காலை, ஆண்கள் பால் தெளிக்கச் சுடுகாட்டுக்குப் போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தமிழ்மொழி வேனை எடுத்தாள்.

கீழப்பழுவூர் ஸ்டாப்பில் ஆள் இல்லை. ரேஷன் கடை இன்னும் திறக்கவில்லை. அவன் வழக்கமாக நிற்கும் இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. ஏழரை ஆயிற்று. ஏழு நாற்பது ஆயிற்று. தெருவில் அவன் அம்மா குடத்தோடு குழாயடிக்குப் போய்விட்டுத் திரும்பினாள். வாசலில் கலைச்செல்வன் தலைகுனிந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தான். ரோட்டுப் பக்கம் திரும்பவில்லை.

அவன் காத்து நிற்கவில்லை; வந்த வேலை முடிந்துவிட்டது. அவள் கிளம்பியிருக்கலாம். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, கதவில் சாய்ந்து, அப்பா தினமும் வரும் அரியலூர்ப் பக்கத்திலிருந்து வருகிற வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.