காடை நமக்கு உறவு

என் வீட்டுக்காரர் திருமூர்த்தி மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. காரணம் குரங்கு.

நான் கோபிசெட்டிபாளையத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். மனிதனுக்கும் குரங்குக்கும் மூதாதை ஒன்றுதான் என்று நான் பாடம் நடத்தியது எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது. எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். அடுத்த வெள்ளிக்கிழமை கொடுமுடிப் பக்கம் அவர்கள் குலதெய்வக் கோயிலில் எங்கள் முதல் பொங்கல். இருவரும் சேர்ந்துதான் பானையை அடுப்பில் ஏற்ற வேண்டும்.

"சாமி படைச்சதை நம்பாதவ எங்கூடப் பானையைத் தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

நான் தினமும் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்புகிறேன். சாமி ஒரே நாளில் படைத்தாரா, நிதானமாகப் படைத்தாரா என்பது சாமியின் சௌகரியம். இதைச் சொன்னால் மனிதர் காதில் வாங்கினால்தானே! எனக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது.

பொங்கலுக்குப் புடவை எடுக்கக் காந்திபுரம் போனோம். பேசாமலேயே எடுத்தோம். மதியம் ஓட்டலில் கோழி வறுவல் கேட்டார். வந்த தட்டைப் பார்த்தேன். எலும்பெல்லாம் ஈர்க்குச்சி மாதிரி இருந்தது. ஒரு துண்டை அவர் வாய்க்குக் கொண்டுபோகும்போது எட்டிக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க, இது காடைங்க."

அவருக்கு முகமே வெளுத்துவிட்டது. அவர்கள் குலத்துக்குப் பெயரே காடைக் கூட்டம். அந்த வம்சத்தில் யாரும் காடைக்கறியைத் தொடமாட்டார்கள். தட்டு மாறிவிட்டதென்று சர்வர் எடுத்துப் போனார். இவர் இரண்டு தரம் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நல்லவேளை, அம்மணி. காடை நமக்கு ஒறவு. ஒறவைத் தின்னா சாமி பொறுக்குமா?"

"பறவை எப்படீங்க ஒறவாகும்?"

"எங்க முப்பாட்டன் காலத்துக்கு முன்னால இருந்தே ஒறவு."

"நானும் அதையேதானுங்க நடத்தறேன். நீங்க காடையோட நிறுத்திப்போட்டீங்க, நான் கொரங்கையும் சேத்துக்கிட்டேன்."

அவர் ரசச் சோற்றை வெகுநேரம் பிசைந்துகொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை கோயிலில் நான் ஒதுங்கியே நின்றேன். வேப்பமரத்திலிருந்து ஒரு குரங்கு இறங்கி, தேங்காய் பழத் தட்டில் கை வைத்தது. பங்காளிகள் விரட்டக் கம்பை எடுத்தார்கள்.

"உடுங்க, திங்கட்டும்" என்றார் இவர். பிறகு பானையைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"ஒறவுக்காரங்க வந்துட்டாங்க, அம்மணி. இன்னும் எதுக்கு நின்னுட்டிருக்கறே? அந்தப் பக்கம் புடி."