வாசலில் ஒரு சொட்டும் இல்லை

என்னைப் பொய்யன் என்று சொன்னவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் மேலதிகாரி. அவர் எல்லாரையும் அப்படித்தான் சொல்வார், நான் அதைக் கணக்கில் வைப்பதில்லை. இன்னொருவன் மஹாதேவன். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

எங்கள் இருவருக்கும் சேர்ந்து ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. தேயிலைக் கம்பெனி துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பழைய இங்கிலீஷ் வண்டி, ட்ரையல்ஸ் போட்டிக்கென்றே செய்தது. அந்தப் போட்டியில் வேகத்துக்கு மரியாதை இல்லை. கல், சேறு, மேடு எல்லாவற்றின் மேலும் வண்டியை மெள்ள மெள்ள ஏற்றி இறக்க வேண்டும். கால் தரையில் பட்டால் புள்ளி போச்சு. எழுபதுகளின் தொடக்கத்தில் சால்ட் லேக்கில் வீடுகளைவிட மணல்மேடுகள்தான் அதிகம். ஞாயிற்றுக்கிழமையானால் வங்கி அதிகாரி மஹாதேவனும், இன்ஷூரன்ஸ் ஆபீசில் குப்பை கொட்டிக்கொண்டிருந்த நானும் அங்கே போய் விழுந்து எழுந்துவிட்டு வருவோம். நான் மெஸ்ஸில் மாடி அறையில் இருந்ததால் வண்டியைப் பாலிகஞ்சில் அவன் வீட்டு வாசல் நடையில்தான் நிறுத்துவோம்.

அந்த மழைக்காலத்தில் கியர்பாக்ஸ் எண்ணெய் காணாமல் போக ஆரம்பித்தது. ஊற்றுவோம். கொஞ்ச நாள் கழித்து, அளவு பார்ப்பதற்கான லெவல் திருகைக் கழற்றினால் அந்தத் துளையில் எண்ணெய் எட்டிப் பார்க்காது. அது போவதற்கு மூன்று வழிதான் உண்டு. பக்கத்தில் கிளட்ச் இருக்கும் அறைக்குள் கசியலாம். திறந்து பார்த்தோம், அங்கே அளவு ஏறவில்லை. எஞ்சினுக்குள் போய் எரியலாம். புகை எப்போதும்போல்தான் இருந்தது. இல்லாவிட்டால் வெளியே சொட்ட வேண்டும். இருவரும் ஆபீஸ் போகும் வயதை மறந்து நடையில் குப்புறப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தோம். சிவப்புத் தரை பளபளவென்று இருந்தது. செயின் பக்கம் மட்டும் ஈரம். மஹாதேவன் செயினுக்கு எண்ணெய் போடுவதில் தாராளம், அதனால் அதை நாங்கள் பொருட்படுத்தவில்லை.

"இதென்ன கற்பூரமாடா, காத்துல கரைய?" என்றான் மஹாதேவன்.

டிசம்பரில் மோட்டார் சைக்கிள் கிளப்பின் வருடாந்தரப் போட்டி. அதற்கு முந்தின வாரம் அவன் ஆபீசிலிருந்து வருவதற்குள் நான்தான் எண்ணெய் ஊற்றினேன். நிரம்பி வழிந்ததைத் துணியால் துடைத்துவிட்டுத் திருகை மூடினேன். அந்த வாரம் முழுக்க அவன் வண்டியில் பழகினான். போட்டியன்று கடைசி மேடு வரைக்கும் அவன் கால் தரையில் படவே இல்லை. கோப்பை கையில் வந்த மாதிரிதான். அந்த மேட்டின் பாதியில் கியர்பாக்ஸ் கீச்சென்று அலறி இறுகியது, வண்டியும் அவனும் சாய்ந்தார்கள்.

சூடு ஆறிச் சக்கரம் மறுபடி சுழன்றதும், எல்லார் முன்னிலையிலும் திருகைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே காய்ந்து கிடந்தது.

"நீ ஊத்தவே இல்ல."

"ஊத்தினேன்டா."

"தரையில இல்ல, கிளட்சுல இல்ல, பொகையாவும் போகல. பின்ன எங்க போச்சு? மறந்துட்டேன்னு சொல்லு, பரவாயில்ல. பொய் எதுக்குச் சொல்ற?"

சுற்றி நின்ற பெங்காலிக்காரர்களுக்குத் தமிழ் புரியாதே என்று அதையே இங்கிலீஷிலும் ஒரு தடவை சொன்னான். நான் ட்ராம் பிடித்துத் தனியாகத் திரும்பினேன்.

அவன் வாதத்தில் ஓட்டை இல்லை. அந்த வாதத்தைக் கட்டும்போது நானும்தான் கூடப் படுத்திருந்தேன். அதை நினைத்தால் ஆத்திரம் இன்னும் பொங்கும். போகப் போக எனக்கே சந்தேகம் வந்தது. நிஜமாகவே ஊற்றினேனா, வேறொரு நாள் ஊற்றியதை நினைத்துக்கொண்டிருக்கிறேனா? செய்யாத தப்பை ஒப்புக்கொண்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அவன் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகள் அவ்வளவு நீளமாக இருந்தன.

பொங்கல் கழிந்து ஒரு நாள், என்னிடமிருந்த வண்டிச் சாவியைக் கொடுத்து உறவை முடித்துவிடுவது என்று கிளம்பினேன். மஹாதேவன் முகத்தில் விழிக்க இஷ்டமில்லை. அதனால் விடியற்காலையில் அவன் பால் பூத்தில் வரிசை நிற்கும் நேரத்துக்கே போனேன். வாசல் நடையில் அவன் மனைவி ஜெயலக்ஷ்மி, வண்டிக்கு அடியில் கையை விட்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கோலமாவுக் கிண்ணம்.

"வாங்கோ. ஆளையே காணோமே, எங்காத்து காப்பி அலுத்துப் போச்சா?"

"என்ன தேய்க்கறேள் மன்னி?"

"எல்லாம் உங்க வண்டி பண்ற கூத்து. இத்தனை நாள் தொடாம வெச்சிருந்தார். நேத்திக்குத்தான் தன் கையால எண்ணெய ஊத்தி ஒரு சுத்து சுத்திட்டு வந்தார். ராத்திரி பூரா சொட்டியிருக்கு. இந்தப் பிசுக்கு மேல கோலமாவு நிக்குமா? அடுப்புச் சாம்பல் போட்டுத் தேச்சாத்தான் போறது."

நான் குனிந்து தொட்டு முகர்ந்தேன். செயின் எண்ணெய் இப்படி நாறாது. கியர் எண்ணெயின் அழுகின வாடையேதான்.

"எத்தனை நாளா தேய்க்கறேள்?"

"மழைக்காலத்துலேருந்து. ஓட்டிண்டு வந்தா மறுநாள் எனக்கு இந்த வேலைதான்."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீங்க ரெண்டு பேரும் மாறி மாறிப் படுத்துண்டு பாத்தேளே, தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன். யாரும் என்னைக் கேக்கலையே."

நடந்ததைச் சொன்னேன். மஹாதேவன் வீட்டில் மூச்சு விட்டிருக்கவில்லை. அவள் கை அப்படியே நின்றது.

"நான் தொடச்சதுனாலயா உங்களைப் பொய்யர்னுட்டார்?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். இருந்த கோபத்தில் சாவியை வண்டி சீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்றே மெஸ்ஸில் இலை போடும் நேரத்துக்கு மஹாதேவன் வந்தான். சவரம் செய்யாத முகம், ஆபீசுக்கு லீவு போட்டிருந்தான்.

"வாசல்ல கோலம் போடமாட்டேங்கறாடா."

எங்கள் வீடுகளில் வாசல் கோலமில்லாமல் கிடந்தால் உள்ளே சாவு என்று அர்த்தம். மாடி வீட்டு மீனாக்ஷி மாமி பதறிப்போய் இறங்கி வந்து, ஊரிலிருந்து தந்தி வந்ததா என்று கேட்டிருக்கிறாள். ஜெயலக்ஷ்மி கறையைக் காட்டி, "இவர் சிநேகிதத்தைக் கொன்னுட்டு வந்திருக்கார் மாமி. அந்தச் சிநேகிதர் திரும்பி வராம இந்த வாசல்ல கோலம் கெடையாது," என்றாளாம்.

"தரையப் பாத்தேன்," என்றான் மஹாதேவன். சாப்பிடாமலே எழுந்து அவனோடு அவன் வீட்டுக்குப் போனேன்.

செயின் ஓடும் பல்சக்கரத்தைக் கழற்றினோம். அதன் பின்னால், எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் தேய்ந்து, உதடு கிழிந்திருந்தது. எண்ணெய் அங்கே கசிந்து செயினோடு கலந்து சொட்டியிருக்கிறது. கடைக்குப் போய்ப் புது சீல் வாங்கி வந்து பொருத்தினோம். அவன் எண்ணெய் டப்பாவை என் கையில் கொடுத்தான்.

"நீ ஊத்துடா. நான் பாக்க வேண்டாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

நல்ல மனசோடுதான் சொன்னான். எனக்கு அது பிடிக்கவில்லை. லெவல் திருகைக் கழற்றி, எண்ணெய் எட்டிப் பார்க்கும் வரைக்கும் ஊற்றிவிட்டு அவனைக் கூப்பிட்டேன்.

"வந்து பாரு."

"வேண்டாம்டா."

"பாரு."

மண்டியிட்டுக் குனிந்து பார்த்தான். எழுந்திருக்க அவனுக்கு நேரமாயிற்று. ஜெயலக்ஷ்மி சாம்பலைக் கொண்டுவந்து கறையைத் தேய்த்துவிட்டு, பட்டப்பகலில் கோலம் போட்டாள்.

அதன் பிறகு பல வருஷம் அந்த வண்டியை ஓட்டினோம். ஒவ்வொரு தடவை எண்ணெய் ஊற்றும்போதும் அவனைக் கூப்பிடுவேன். அவனும் வந்து குனிந்து பார்ப்பான்.