சக்கரம் ஓடும் தரை

பக்கவாதத்தில் இடப்பக்கம் செயலிழந்த இளமதியை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த அன்று தஞ்சோங் பகாரில் நல்ல மழை. கணவர் சுந்தரேசன் சக்கர நாற்காலியை உள்ளே தள்ளினார். சக்கரத்தில் ஒட்டியிருந்த மணல், வாசலிலிருந்து படுக்கையறை வரை தேக்குத் தரையில் இரண்டு வெள்ளைக் கீறல்களை இழுத்துவிட்டது. அவர் குனிந்து பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குச் சுருக்கென்றது.

அந்தத் தரையை அவர் எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவர். ஓய்வு நாளன்று முதல் வேலை தரைதான். மென்மையான துடைப்பத்தால் மூலை மூலையாகத் தூசி எடுப்பார். மரத்தில் தண்ணீர் ஊறக்கூடாது என்பதால் துணியைச் சொட்டு விழாமல் பிழிந்து, ரேகை ஓடும் பக்கமாகவே துடைப்பார். பின்னாலேயே காய்ந்த துணியால் இன்னொரு முறை. சோபா, மேசை எல்லாவற்றின் கால்களுக்கும் கம்பளித் துண்டு ஒட்டியிருந்தார். முழங்காலிட்டுப் பலகை பலகையாக நகரும் அவரைப் பார்க்கையில், இந்த மனிதரிடம் எதை ஒப்படைத்தாலும் கெட்டுப்போகாது என்று அவள் பலமுறை நினைத்ததுண்டு.

மறுநாளிலிருந்து அவள் கூடத்துக்கு வரவில்லை. தலை சுற்றுகிறது என்று அறையிலேயே சாப்பிட்டாள். பொங்கோலிலிருந்து மகள் ரக்ஷனா வந்து கூப்பிட்டபோதும் அதே பதில்தான். பயிற்சி கொடுக்க வந்த தெரப்பிஸ்ட் பெண், "இப்படியே ரூமுக்குள்ள இருந்தா கை கால் இறுகிடும் அங்கிள்" என்று எச்சரித்துவிட்டுப் போனாள்.

பத்தாவது நாள் காலை சுந்தரேசன் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார்.

"தலை சுத்தல்லாம் இல்லதானே மதி?"

அவள் தரையைப் பார்த்தாள். "தரை பாழாயிடும்ங்க. அன்னைக்கு நீங்க பாத்த பார்வைய நான் பாத்தேன்."

"கஷ்டமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல. ஆனா கீறல் விழுந்தா தேய்ச்சு எண்ணெய் போட்டுக்கலாம்லா. நீ நடமாடாத தரைய நான் யாருக்குத் துடைக்கிறது?"

எழுந்துபோய்க் கூடத்துக் கம்பளத்தைச் சுருட்டினார். மேசையைச் சுவரோரம் நகர்த்தினார். பிறகு சக்கர நாற்காலியின் பக்கத்தில் முழங்காலிட்டு, ரப்பர் இடுக்கில் சிக்கியிருந்த பொடிக்கற்களை விரல் நுனியால் ஒவ்வொன்றாக எடுத்தார். துணியைப் பிழிந்து சக்கரங்களைத் துடைத்தார். காய்ந்த துணியால் இன்னொரு முறை.

அவளைத் தூக்கி உட்கார வைத்துப் பின்னால் போனார்.

"தள்ள வேணாம். நானே வர்றேன்."

வலது கையால் சக்கரத்தைத் திருப்பி, வலது காலால் தரையை உந்தினாள். நாற்காலி கோணலாகப் போய் அலமாரியில் இடித்தது. அவர் நின்ற இடத்திலேயே நின்றார். அவள் பின்வாங்கித் திரும்பி, மூச்சு வாங்க, ஜன்னல்வரை போய்ச் சேர்ந்தாள்.

அங்கே பலகைகளின் மேல் வெயில் விழுந்திருந்தது. இளமதி இடது காலைக் கையால் தூக்கி, வெறும் பாதத்தை அந்த வெளிச்சத்தில் வைத்தாள். சூடு தெரிகிறதா என்று காத்திருந்தாள்.