ஃப்ளெக்ஸில் சிரித்த மாப்பிள்ளை

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே என் படம் பத்தடி உயரத்துக்கு நின்றது. நான் தேர்தலில் நின்றவனும் இல்லை, செத்துப்போனவனும் இல்லை. பாதி வழுக்கையோடு முழிப்பவனும் நான்தான், பக்கத்தில் நெற்றி நிறைய முடியோடு பல்லைக் காட்டுபவனும் நான்தான். அந்த இரண்டாவது ஆள் பொய்.

என் பெயர் சமுத்திரம். ராஜபாளையத்தில் ஒரு மில்லில் ஃபிட்டர். பெண் பார்க்கப் போன வீட்டிலெல்லாம் மாப்பிள்ளைக்கு வயசு கூட இருக்கும்போல என்று காபி ஆறுவதற்குள் சொல்லிவிட்டார்கள். முடி நட்டுக்கொள்ள முடிவு செய்தேன். மெஷினுக்கு ஒரு பேரிங் வாங்கினால்கூட நாலு இடத்தில் விசாரிப்பவன், என் மண்டைக்கு ஒரே ஒருத்தரைத்தான் விசாரித்தேன். சித்தப்பா மருமகன் ‘நம்ம பொன்னுராஜ் கிளினிக் இருக்கே’ என்றார். ‘நம்ம’ என்று சொன்ன பிறகு எங்களூரில் எவன் சர்டிபிகேட் கேட்பான்? கேட்டால் சித்தப்பா வீட்டு விசேஷத்தில் தலைகாட்ட முடியுமா?

சென்னையிலிருந்து வந்ததாகச் சொன்ன டாக்டர் நெற்றியில் பேனாவால் கோடு போட்டார், பத்து நிமிஷத்தில் ஆளைக் காணோம். பிறகு ஒன்பது மணி நேரம் என்னைக் குப்புறப் படுக்கவைத்துப் பின்னந்தலையில் மெஷினை விட்டு முடியைத் தோண்டியது பொன்னுராஜ். அவர் டாக்டரே இல்லை, மதுரையில் எங்கோ உதவியாளராக இருந்தவர் என்பது, புண் சீழ் வைத்து வேறு ஆஸ்பத்திரிக்கு ஓடிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முன்னால் நட்டதில் முக்கால்வாசி உதிர்ந்தது. பின்னந்தலை கோழி கிளறிய நாற்றங்கால் மாதிரி ஆனது.

சண்டைக்குப் போனேன். அவர் கோபப்படவே இல்லை. தோளில் கைபோட்டு உட்காரவைத்தார். இலவசமாகச் சரிசெய்து தருவதாகவும், அதற்கு முன் ரெக்கார்டுக்கு ஒரு போட்டோ வேண்டுமென்றும் சொல்லி, தலையில் கறுப்புப் பொடியைத் தூவிச் சிரிக்கச் சொன்னார். கூறுகெட்டவன், சிரித்தேன். அடுத்த வாரம் ஃப்ளெக்ஸ் ஏறியது. அதற்குப் பிறகு என் போனை அவர் எடுக்கவில்லை.

அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் செட்டியார்பட்டி வரன் வந்தது என்பது இன்னொரு கேவலம். பெண் பாண்டிசெல்வி, ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுப் பக்கம் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட். பார்த்த அன்றே எனக்குப் பிடித்துப்போனது. அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. நிச்சயதார்த்தத்தைப் பொடி தூவி ஒப்பேற்றினேன், அப்புறம் தொப்பி.

போன வாரம் அவள் தம்பி மாரீஸ்வரன் போன் செய்தான். இருபத்தாறு வயதுக்குள் நெற்றி ஏறிவிட்ட பையன்.

“அத்தான், நானும் பொன்னுராஜ் கிளினிக்குலதான் முடி நடப் போறேன். ஞாயித்துக்கெழம அவுக மண்டபத்துல நடத்துற கேம்ப் முடிஞ்சதும் தேதி குடுப்பாகளாம். வேற எங்கயும் விசாரிக்கல. நீங்களே பண்ணிருக்கீங்கள்ல, பொறவு என்ன?”

நான் செய்த அதே முட்டாள்தனம். இப்போது சித்தப்பா மருமகன் இடத்தில் நான். சொன்னால் கல்யாணம் நின்றுபோகும், சொல்லாவிட்டால் அந்த மெஷின் இவன் மண்டையில் இறங்கும். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் பொன்னுராஜே கூப்பிட்டார். கேம்பில் மேடையேறி நாலு வார்த்தை நல்லதாகப் பேச வேண்டுமாம். வசமாக மாட்டினாயடா என்று நினைத்துக்கொண்டு, வருகிறேன் என்றேன்.

ஞாயிறு காலை சலூனில் மொட்டை அடித்துக்கொண்டேன். நிச்சயமான மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முன்னால் முடி எடுக்கலாமா என்று அம்மா வாசலில் உட்கார்ந்து அழுதாள். தொப்பியை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் அறுபது பேர் இருப்பார்கள். மூன்றாவது வரிசையில் மாரீஸ்வரன். வெள்ளைக் கோட்டில் இருந்த பொன்னுராஜ் என்னை நம்ம குடும்பத்துப் பிள்ளை என்று மைக்கில் சொன்னார். தொப்பியைக் கழற்றினேன். கூட்டம் சிரித்தது. மனுஷன் லேசுப்பட்டவரில்லை, அசரவே இல்லை. தம்பி சாமிக்கு நேர்ந்து மொட்டை போட்டிருக்கிறார், ஒரே மாதத்தில் பழையபடி வளர்ந்துவிடும், நட்ட முடியின் பலமே அதுதான் என்றார். கைகூடத் தட்டினார்கள்.

நான் திரும்பி, பின்னந்தலையைக் கூட்டத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றேன். காதுக்குக் காது வெள்ளைப் புள்ளிகள், நடுவில் சீழ் வைத்து ஆறிய குழி. கைதட்டல் நின்றது. மைக்கை அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

“இத நோண்டுனது டாக்டர் இல்ல, இந்த ஆளு. படத்துல இருக்கது முடி இல்ல, பொடி. டாக்டர்னா பதிவு நம்பரச் சொல்லட்டும். சொல்லிட்டா இப்பவே இவரு கால்ல விழுதேன்.”

பொன்னுராஜ் மைக்கைத் திரும்பப் பிடுங்க வந்தார். பின்வரிசையில் ஒருவர் நம்பர் என்ன என்று கேட்டார். அப்புறம் பத்துப் பேர் கேட்டார்கள். வெள்ளைக் கோட்டின் கக்கம் நனைவதைக் கண்ணாரப் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தை எதற்கு மறைக்க வேண்டும்? எத்தனை மாதம் தொப்பிக்குள் வெந்த தலை! நாற்காலிகள் காலியாயின. மாரீஸ்வரன் என் முகத்தைப் பார்க்காமலே வெளியே போனான். கல்யாணமும் கூடவே போனது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பாண்டிசெல்வி வந்தாள். தம்பி எல்லாவற்றையும் போனில் சொல்லியிருக்கிறான். என் பின்னால் போய் நின்று செத்த நேரம் பார்த்தாள். மறைத்தது தப்புதான், வேண்டாம் என்று சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன் என்றேன்.

“மறச்சதுக்கு உங்களப் பொறவு பாத்துக்கிடுதேன். முதல்ல அந்த ஆளு. புகார நானே டைப் அடிக்கேன்.”

எழுந்து ஃப்ளெக்ஸைக் கிழிக்கப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“கிழிக்காதீங்க. அதுக்குக் கீழ போயி, முதுகக் காட்டிட்டு நில்லுங்க. பஸ் ஏறுற அம்புட்டுப் பேரும் படத்தயும் பாக்கட்டும், மண்டையயும் பாக்கட்டும்.”

நின்றேன். தொப்பியைத் தன் பையில் போட்டுக்கொண்டு அவளும் பக்கத்தில் நின்றாள். அந்தச் சாயங்காலம் மதுரைக்கு ஏழு பஸ் போனது. எட்டாவது பஸ்ஸுக்கு முன்னால், கோட்டு இல்லாமல், தோளில் ஏணியோடு பொன்னுராஜே வந்தார்.