மதியத் தூக்கமும் நாலு பாட்டும்

"நாலும் ஒரே மாதிரி இருக்கு ஆன்ட்டி. நாலுமே மெதுவா, நாலுமே சோகமா. எக்ஸாமுக்கு இது செட் ஆகாது" என்று ஜெரூஷா டீச்சர் சொன்னபோது நான் வெளி அறையில் அவர்கள் வீட்டுப் பிரம்பு சோபாவின் காலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழில் புத்தி. மேற்குத் தாம்பரத்தில் பழைய பர்னிச்சர் கடை வைத்திருப்பவன் எந்த வீட்டுக்குப் போனாலும் கட்டில் காலைத்தான் முதலில் பார்ப்பான். ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் கை நின்றுவிட்டது. சோகமா? என் பெண்டாட்டிக்கு என்ன சோகம்?

ஹஃபீசா பியானோ கற்றுக்கொள்ள ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிறது. அவளுக்கு நாற்பத்தாறு வயது, டீச்சருக்கு இருபத்தாறு. சேலையூரில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது பீரோ, கட்டிலோடு சேர்ந்து அந்தப் பியானோவும் என் தலையில் வந்து விழுந்தது. எட்டு மாதம் கடையில் நின்றது. வருகிறவர்கள் எல்லாம் டொய்ங் என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு டைனிங் டேபிள் விலை கேட்டார்கள். இடத்தை அடைக்கிறதே என்று வீட்டுக்கு அனுப்பினேன். அவள் அதன்மேல் துணி மடித்து வைக்கப்போகிறாள் என்று நினைத்தேன். மூன்றாம் நாளே ஒரு டீச்சரைப் பிடித்துவிட்டாள்.

இப்போது ஐந்தாம் கிரேடு பரீட்சை. பரீட்சை எழுத எங்கேயும் போகவேண்டாம். நாலு பாட்டு வாசித்து, நடுவில் கேமராவை நிறுத்தாமல், ஒரே வீடியோவாக எடுத்து அனுப்பவேண்டும். எந்தெந்தப் பாட்டு, எந்த வரிசை என்பதை அவளே தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொரு பாட்டுக்கும் மதிப்பெண் உண்டு, நாலும் சேர்ந்து எப்படி இருந்தது என்பதற்கும் தனியாக உண்டு. அதனால் வேகம், நிதானம், குறும்பு, துக்கம் என்று கலந்து இருக்கவேண்டுமாம். நியாயம்தானே? நாலு டீப்பாய் மட்டும் வாங்கிப்போய் யாராவது ஹாலை நிரப்புவார்களா?

"குதிரைப் பாட்டு ஒண்ணு குடுத்தேனே ஆன்ட்டி, தடதடன்னு ஓடுமே. அதை ஏன் விட்டுட்டீங்க?"

"அது வரமாட்டேங்குதும்மா" என்றாள் ஹஃபீசா, தலையைக் குனிந்துகொண்டு.

"ட்ரை பண்ணுங்க. ஆறு வாரம் இருக்கு. இந்த நாலோட அனுப்பினா மார்க் போயிடும்."

ஸ்கூட்டரில் திரும்பும்போது நான் வாயே திறக்கவில்லை. கோபம் வந்தால் கத்திவிடுவேன். வருத்தம் வந்தால்தான் எனக்குப் பேச்சு வராது. ஆயிரம் பாட்டு இருக்கிற உலகத்தில் ஒருத்தி நாலு அழுகைப் பாட்டைப் பொறுக்கி எடுக்கிறாள் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? வெளிநாட்டில் உட்கார்ந்து அந்த வீடியோவைப் பார்க்கிற பரீட்சைக்காரர் என்ன நினைப்பார்? பாவம், புருஷன் சரியில்லை போல என்றுதானே நினைப்பார்?

மறுநாள் பக்கத்து மெத்தைக் கடை மோகன்ராஜிடம் சொன்னேன். சொன்னது தப்பு.

"இன்னா பாய், வூட்ல இன்னா பண்ண நீ? அக்கா எதுக்கு அழுவுது?"

"நான் ஒண்ணும் பண்ணலடா!"

"ஒண்ணும் பண்ணலன்றதுதான் மேட்டரு. பூ வாங்கிக்குடு. எங்கயாச்சும் கூட்டிகினு போ. எல்லாத்தையும் நானே சொல்லணுமா?"

மார்க்கெட்டில் மல்லிகை வாங்கினேன். மறுநாள் அல்வா. ஞாயிற்றுக்கிழமை, மகள் ஷாயிஸ்தா வேலை பார்க்கிற நாவலூர் பக்கம் போய் மூன்று பேரும் சாப்பிட்டோம். நான்காம் நாள் மறுபடி பூவோடு நின்றபோது ஹஃபீசா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"என்ன தப்பு பண்ணீங்க? இப்பவே சொல்லிடுங்க."

நல்லவனாக இருப்பதற்கு இந்த வீட்டில் இவ்வளவுதான் மரியாதை.

அன்று மதியம் எனக்குத் தூக்கம் வரவில்லை. இது சாதாரண விஷயம் இல்லை. ஒன்றரை மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு, தொழுது, சாப்பிட்டு, நாலு மணி வரை தூங்குவது இருபத்தைந்து வருஷப் பழக்கம். தலை தலையணையில் படுவதற்கு முன்னாலேயே குறட்டை வந்துவிடும் என்று ஷாயிஸ்தா கேலி செய்வாள். அன்று புரண்டு புரண்டு படுத்தேன். ஹாலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டக டக டக டக. கட்டையைத் தட்டுகிற மாதிரி. கரையான் பிடித்த பீரோவை நான் தட்டிப் பார்ப்பேனே, அந்தச் சத்தம்.

எழுந்து கதவிடுக்கில் பார்த்தேன்.

ஹஃபீசா பியானோ முன்னால் உட்கார்ந்திருந்தாள். மூடி மூடியிருந்தது. மூடிய மூடியின் மேல் அவள் பத்து விரலும் ஓடிக்கொண்டிருந்தன. உடம்பு முன்னும் பின்னும் ஆடுகிறது, உதடு ஒன்று இரண்டு எண்ணுகிறது, ஓரிடத்தில் இடது கை தடுமாறியதும் அவளே நாக்கைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறாள். குதிரைப் பாட்டு! வராது என்று சொன்னாளே, அந்தக் குதிரை. அவள் முகத்தில் சோகம் மருந்துக்குக்கூட இல்லை. பாட்டு முடிந்ததும் படுக்கையறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூடியைச் சத்தமில்லாமல் திறந்து, அந்த அழுகைப் பாட்டில் ஒன்றைத் தொட்டும் தொடாமல் வாசிக்க ஆரம்பித்தாள்.

"ஹஃபீசா, அந்தக் குதிரையைத் திறந்து வாசிக்கவேண்டியதுதானே?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். "எழுந்துட்டீங்களா? சத்தம் கேட்டுச்சா?"

"கேள்விக்குப் பதில் சொல்லு."

"நீங்க தூங்குவீங்களே."

"அதனால?"

"காலைல சமையல். நாலரைக்கு ட்யூஷன் பசங்க வந்துடுவாங்க, எட்டு மணி வரைக்கும் ஹால்ல இடமே இல்ல. எனக்குன்னு இருக்கிறது இந்த ரெண்டு மணி நேரம்தான். அப்பதான் நீங்க தூங்கறீங்க. அதனால மெதுவா இருக்கிறதா பாத்து எடுத்துக்குவேன். மூடி மேல வாசிச்சா விரல் ஓடும், ஆனா தப்பு எங்கேன்னு காதுக்குத் தெரியாது. அதான் குதிரை வரல."

"நான் உன்னை வாசிக்கவேண்டாம்னு சொன்னேனா?"

அவள் பியானோ மூடியை மெதுவாகச் சாத்தினாள். "முதல் வாரம் சொன்னீங்க. 'மனுஷன் தூங்கவேணாமா, அந்தச் சனியனை மூடி வை'ன்னு. ஒரு தடவைதான்."

எனக்கு நினைவில்லை. சொல்லியிருப்பேன். என் வாய் எனக்குத் தெரியும். வாய்க்கு வந்ததைக் கத்திவிட்டு அடுத்த நிமிஷம் டீ கேட்கிற ஆள் நான். நான் மறந்துபோன ஒரு கத்தலுக்காக அவள் ஆறு வருஷம் மெதுவான பாட்டாகத் தேடித் தேடி வாசித்திருக்கிறாள். பூவும் அல்வாவும் வாங்கிக்கொண்டு வந்தேனே, முட்டாள்.

"நாளைலேர்ந்து மதியம் நான் வீட்டுக்கு வரல. சாப்பாடு கட்டிக் குடுத்துடு" என்றேன்.

"தூக்கம்?"

"கடையில எட்டுக் கட்டில் இருக்கு."

மோகன்ராஜுக்குக் கொண்டாட்டம். "அதான பாய், இத்தினி கட்டில வச்சிகினு தூங்கறதுக்கு வூட்டுக்குப் போன ஒரே ஆளு நீதான்" என்று ஒரு மெத்தையும் கொடுத்தான். நான் படுத்திருந்த கட்டில் ஒருவருக்குப் பிடித்துப்போய், என்னை எழுப்பி அதை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் அடுத்த கட்டிலுக்கு மாறினேன்.

வீட்டில் குதிரை ஓட ஆரம்பித்தது. மூன்றாம் வாரம் மேல்வீட்டு சாவித்ரி அம்மா மாடிப்படியில் என்னை நிறுத்தி, "ரெண்டு மணிக்கு எங்க டம்ளரெல்லாம் ஆடுது பாய், ஆனா நல்லாத்தான் இருக்கு" என்றார். இப்போது நாலு பாட்டின் வரிசை இப்படி: முதலில் ஒரு நிதானம், பிறகு குதிரை, பிறகு ஒரு குறும்பு நடனம், கடைசியில் அந்தத் தொட்டும் தொடாத பாட்டு. ஜெரூஷா டீச்சர் கைதட்டினாள். தட்டிவிட்டு முகத்தைச் சுருக்கினாள்.

"குதிரை சூப்பர் ஆன்ட்டி. ஆனா கடைசிப் பாட்டு கெட்டுப்போச்சு. முன்னாடி ஒரு மெதுவான கை இருந்துச்சே, பக்கத்துல யாரோ இருக்கிற மாதிரி வாசிப்பீங்களே. அது எங்க போச்சு?"

ஹஃபீசாவுக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பத்துத் தடவை வாசித்தாள். ஆணி அடிக்கிற மாதிரிதான் வந்தது.

அனுப்பவேண்டிய கடைசி நாள் சனிக்கிழமை. அன்று மதியம் ஷாயிஸ்தா போனை ஸ்டாண்டில் மாட்டி, எங்கே அழுத்தவேண்டும் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். நான் கடையை மூடிவிட்டுத் துணைக்கு வந்திருந்தேன். ஜன்னலைச் சாத்தி, சத்தம் வரும் என்று ஃபேனையும் நிறுத்தினோம். முதல் தடவை குதிரை பாதி ஓடும்போது தலைக்கு மேலே விமானப்படை விமானம் போனது. இரண்டாவது தடவை மூன்று பாட்டும் அருமை, நாலாவதில் மறுபடியும் ஆணி. அவளே கையை எடுத்துவிட்டாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்து நான் சுவரைப் பார்த்தேன்.

"மணி மூணு. கை இன்னொரு தடவைதான் தாங்கும்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்க போய்ப் படுங்க."

"என்ன?"

"உள்ள போய்ப் படுங்கன்னா படுங்க. கதவை ஒருக்களிச்சு வையுங்க."

ஃபேன் இல்லாத அறையில், மதிய வெயிலில், மல்லாந்து படுத்தேன். தூங்கிவிடக் கூடாது. தூங்கினால் குறட்டை வரும், குறட்டை வீடியோவில் ஏறும், ஆறு வருஷம் போச்சு. தொடையைக் கிள்ளிக்கொண்டே கிடந்தேன்.

முதல் பாட்டு வந்தது. குதிரை வந்தது, கட்டில் கால் வரைக்கும் அதிர்ந்தது. நடனம் வந்தது. அப்புறம் ஒரு சின்ன இடைவெளி. அதற்குள் அவள் இந்தக் கதவைப் பார்த்திருப்பாள், எனக்குத் தெரியும். கடைசிப் பாட்டு ஆரம்பித்தது. தூங்குகிறவன் மேல் போர்வையை இழுத்துவிடுகிற கை எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. தினமும் இதை எனக்குப் பத்தடி தூரத்தில்தான் வாசித்திருக்கிறாள். நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. கண்ணீர் காதுக்குள் இறங்கியது, துடைக்கவில்லை. கட்டில் கிறீச்சிடும்.

பாட்டு முடிந்தது. போனை நிறுத்துகிற சின்னச் சத்தம் கேட்டது. அவள் வந்து ஃபேனைப் போட்டாள். நான் கண்ணைத் திறக்கவில்லை.

"நடிச்சது போதும், எழுந்திரிங்க."

"நான் தூங்கலன்னு எப்பத் தெரியும்?"

"குறட்டை இல்லாம நீங்க என்னிக்குத் தூங்கியிருக்கீங்க? முதல் பாட்டுலயே தெரியும்."

"அப்புறம் எதுக்குக் கடைசிப் பாட்டை அவ்வளவு மெதுவா வாசிச்ச?"

ஹஃபீசா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முந்தானையால் என் காதைத் துடைத்தாள்.

"இன்னிக்குத்தானே முழிச்சிருந்து கேக்கறீங்க" என்றாள்.